வலது கிளிக் மெனு திரை மூலையில் திறப்பது

கல்முனை அரிசிக் கடைக்கு நீங்கள் டிகின்டரில் (பைத்தானில் திரை, பட்டன், மெனு அமைக்கும் நூலகம்) எழுதும் பில் புரோகிராமில், பட்டியலில் வலது கிளிக் செய்தால் மெனு திரையின் இடது மேல் மூலைப் பக்கம் போய்த் திறக்கிறது என்றீர்கள். மெனுவைத் திறக்கும் டிகே_பாப்அப்புக்கு நீங்கள் கொடுத்திருப்பது கிளிக் ஈவென்ட்டின் எக்ஸ், வை. அவை பட்டியலின் மூலையிலிருந்து எண்ணப்படுபவை. அதற்கு வேண்டியது முழுத் திரைக் கணக்கு: எக்ஸ்_ரூட், வை_ரூட். மாற்றினால் மவுஸ் நிற்கும் இடத்திலேயே திறக்கும்.

எனக்குக் கவலை இன்னொன்றில். உங்கள் பட்டியலைக் காட்டும் ட்ரீவியூவில் வலது கிளிக் அந்த வரியைத் தானாகத் தெரிவு செய்யாது. கீரிச்சம்பா வரியில் கிளிக் பண்ணி ‘நீக்கு’ கொடுத்தால், முன்பு தெரிவாகியிருந்த நாட்டரிசி வரி அழிந்துவிடும். கடைக்காரரின் கணக்கே பிழையாகிப்போகும், தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். மெனுவைத் திறக்க முன்னமே கிளிக் விழுந்த வரி எதுவென்று சொல்லும் ஐடென்டிஃபை_ரோவுக்கு ஈவென்ட்டின் வையைக் கொடுங்கள் (இங்கே வை_ரூட் அல்ல, வெறும் வைதான்). வெற்றுச் சரம் வந்தால் அங்கே வரி இல்லை, மெனு வேண்டாம், அப்படியே ரிட்டர்ன். வரி கிடைத்தால் செலக்ஷன்_செட்டால் அதைத் தெரிவு செய்துவிட்டுத் திறங்கள்.

மெனுவின் தலையிலுள்ள புள்ளிக்கோடு போக டேர்ஆஃப்=0. மட்டக்களப்பு நண்பரின் மேக்கிலும் ஓட வேண்டுமென்றால், டிகின்டரின் அடியில் ஓடும் டிகே 8.6இல் அங்கே வலது பட்டனின் எண் 2, விண்டோஸில் 3. இரண்டையும் பைன்ட் பண்ணி வையுங்கள்.