டைபாய்டு ஊசி போட்டவருக்கு பாராடைபாய்டு வருமா?

பினாங்கு லிட்டில் இந்தியா பக்கம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்தும் வாசகர் கேட்கிறார்: “பணியாளர்கள் எல்லோருக்கும் டைபாய்டு ஊசி போட்டு அட்டையும் வைத்திருக்கிறேன். தமிழ்நாட்டுக்கு விடுமுறையில் போய்த் திரும்பிய சமையல்காரருக்கு இப்போது பாராடைபாய்டு ‘ஏ’ என்கிறார்கள். ஊசி போலியா? மற்றவர்களுக்கு மறுபடியும் போட வேண்டுமா?”

ஊசியைச் சந்தேகப்பட வேண்டாம். அது வேறொரு கிருமிக்கானது. பாராடைபாய்டு டைபாய்டு போன்ற காய்ச்சல்தான், ஆனால் அதைத் தருவது ‘ஏ’, ‘பி’, ‘சி’ என்ற வேறு கிருமி வகைகள். டைபாய்டுக் கிருமி ‘விஐ’ எனப்படும் சர்க்கரைப் படலத்தை மேலாடைபோல் போர்த்திக்கொண்டிருக்கும். கிளினிக்குகளில் வழக்கமாகப் போடும் ஊசி அந்த மேலாடையை மட்டுமே உடலுக்கு அடையாளம் காட்டுகிறது. பாராடைபாய்டு ‘ஏ’ கிருமிக்கு அது கிடையவே கிடையாது. (‘சி’ வகைக்கு உண்டு, ஆனால் அது மிக அரிது.)

இரண்டும் சால்மோனெல்லா குடும்பம்தானே என்று கேட்கலாம். உண்மைதான், மேலாடைக்கு அடியில் சில கூறுகள் பொதுவானவை. அதனால்தான் ஊரில் இன்னமும் எழுதிக்கொடுக்கும் விடால் பரிசோதனை (கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிரணுக்களை இரத்தத்தில் தேடுவது) இரண்டையும் குழப்பிவிடுகிறது. என்னைக் கேட்டால், அந்த முடிவை மட்டும் நம்பி மருந்து தொடங்கவே கூடாது. எதிரணுக்கள் ஒரு கிருமியை அடையாளம் காண்பது வேறு, அதை அடக்குவது வேறு. ஆக்ஸ்ஃபோர்டில் தன்னார்வலர்களுக்குக் கிருமியைக் கொடுத்துச் சோதித்தபோது, முன்பு வந்த அதே காய்ச்சலுக்கு எதிராக ஓரளவு பாதுகாப்பு தெரிந்தது. மற்றதற்கு எதிராகக் குறிப்பிடும்படி எதுவும் இல்லை. வாய்வழி டைபாய்டு மருந்து ‘பி’ வகையைச் சிறிது தடுக்கும் என்று சிலி நாட்டு ஆய்வுகள் காட்டின. உங்கள் சிக்கல் ‘ஏ’ வகை.

எனவே மற்றவர்களுக்கு ஊசி போட்டு மூன்று ஆண்டு ஆகவில்லை என்றால் இப்போது மறுபடி போட்டுப் பயனில்லை. சமையல்காரர் மருந்தை முழுமையாக முடிக்கட்டும். காய்ச்சல் விட்டதும் அடுப்படிக்கு அழைத்துவிடாதீர்கள். நன்றாக நடமாடும் சிலரது மலத்திலும் கிருமி வெளியேறிக்கொண்டிருக்கும். மலப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று உறுதியான பிறகே அவர் உணவைத் தொடலாம். மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு மருத்துவர் தகவல் தர வேண்டியது சட்டம். அதிகாரிகள் வந்தால் எதையும் மறைக்காதீர்கள்.

கொதிக்கும் சாம்பாரால் ஆபத்தில்லை. சமைத்தபின் கைபடும் தயிர்ப் பச்சடி, தேங்காய்ச் சட்னி, ஐஸ் கட்டி இவற்றைத்தான் கவனிக்க வேண்டும். கழிவறையில் சோப்பு தீர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வேறு யாருக்காவது காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால், “இவருக்குத்தான் ஊசி போட்டிருக்கிறதே” என்று காத்திருக்காமல் இரத்தத்தில் கிருமி வளர்ப்புப் பரிசோதனை கேளுங்கள், நுண்ணுயிர்க்கொல்லி தொடங்கும் முன்பே.