கேள்வி – பதில்: நான்கு புகைபோக்கிகள்

கேள்வி: நாஜிகள் சுமார் 60 லட்சம் யூதர்களைக் கொன்றதைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். கல்லூரியில் படிக்கும் என் மகளோ, உயிர் தப்பியவர்களின் ஒளிப்பதிவுகளைக் கேட்டே ஆக வேண்டும் என்கிறாள். பல்லாண்டு கழித்து முதியவர்கள் நினைவிலிருந்து சொல்வதில் பிழை இராதா?
– வாசகி ஒருவர், தக்கலை

பதில்: இருக்கும். 1944 அக்டோபர் 7 அன்று நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலை முகாமில், பிணங்களை எரிக்கும் வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்ட கைதிகள் கிளர்ந்தெழுந்து ஒரு தகனக்கூடத்துக்குத் தீ வைத்தார்கள். அதை நேரில் கண்ட ஒரு பெண்மணி, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் காப்பகத்துக்காகப் பேசும்போது, நான்கு புகைபோக்கிகள் வெடித்துச் சிதறியதாகச் சொன்னார். சேதமடைந்தது ஒன்றுதான் என்பதால் இந்தச் சாட்சியத்தை நம்ப முடியாது என்று வரலாற்றாசிரியர்கள் மறுத்தார்கள். ஆனால் அவரை நேர்கண்ட உளவியல் மருத்துவரும், சிறுவயதில் தாமே அந்தக் கொடுமையிலிருந்து தப்பியவருமான டோரி லாப் வேறு விதமாகப் பார்த்தார். அதுவரை தணிந்து ஒலித்த அப்பெண்மணியின் குரல் அந்த இடத்தில் திடீரென்று உயிர்பெற்று, பிறகு மௌனத்தில் ஆழ்ந்ததை அவர் கவனித்திருந்தார். எதிர்ப்பு என்பதையே நினைத்துப் பார்க்க முடியாத ஓர் இடத்தில் எதிர்ப்பு நிகழ்ந்தது என்பதற்கே அப்பெண்மணி சாட்சி சொன்னார், எண்ணிக்கைக்கு அல்ல என்பது லாபின் வாதம். எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது. எண்ணிக்கையை ஆவணங்களைக் கொண்டு திருத்திக்கொள்ளலாம். அந்தக் குரல் எந்த ஆவணத்திலும் கிடையாது.

தவிர, நாஜி ஆவணங்களில் பெரும்பாலானவை கொன்றவர்கள் எழுதிவைத்தவை. கொலையையே அவர்கள் ‘சிறப்பு நடவடிக்கை’ என்று பூசி மெழுகினார்கள். அந்தப் பூச்சைச் சுரண்டுவது தப்பியவர்களின் பேச்சுதான். போர் முடிந்த மறு ஆண்டிலேயே, 1946இல், டேவிட் போடர் என்ற உளவியலாளர் எஃகுக் கம்பியில் ஒலி பதியும் கருவியோடு ஐரோப்பாவுக்குப் போய், சுமார் 130 பேரை அவரவர் மொழியிலேயே பேசவைத்தார். யேல் காப்பகத்தின் பணி 1979இல் தொடங்கியது. 1994இல் திரைப்பட இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் நிறுவிய ஷோவா (யூத இனப்படுகொலையைக் குறிக்கும் எபிரேயச் சொல்) அறக்கட்டளையின் சேகரத்தில் இன்று 50,000க்கும் மேற்பட்ட சாட்சியங்கள் உள்ளன.

மணக்குடியில் எனக்குத் தெரிந்த மீனவப் பெரியவர் ஒருவர், 2004 சுனாமியைப் பற்றித் தடையின்றிச் சொல்லிக்கொண்டே வருவார். பாலம் இடிந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, மடியில் கிடக்கும் வலையின் கிழிசலைத் தேடத் தொடங்குவார். அதை எழுத்தில் கொண்டுவர நான் முயன்று தோற்றிருக்கிறேன். கடல் செய்ததையும் மனிதன் திட்டமிட்டுச் செய்ததையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. பேச்சு எங்கே நிற்கிறது என்று கவனிக்க அவரிடம்தான் கற்றேன் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஆகவே உங்கள் மகளோடு அமர்ந்து, பத்துத் துணுக்குகளுக்குப் பதில் ஒரே ஒருவரின் பதிவை முழுமையாகக் கேளுங்கள். ஷோவா பதிவுகள் பெரும்பாலும் போருக்கு முந்தைய வீடு, பள்ளி, அண்டை அயலார் பற்றிய பேச்சோடு தொடங்கும். முகாம் எப்போது வரும் என்று அந்தப் பகுதியைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். பின்னால் பறிபோகப்போவதெல்லாம் அங்கேதான் இருக்கிறது.