வாசகர் கேட்கிறார்: நண்பர்களுடன் அலாஸ்கா கப்பல் பயணம்

கேள்வி: ஒரே அலுவலகத்தில் பணியாற்றி நெருங்கிய தோழிகளான நாங்கள் நால்வர், பனியாறுகளைக் காண அடுத்த ஆண்டு அலாஸ்காவுக்குச் சொகுசுக் கப்பலில் ஒரு வாரம் செல்ல விரும்புகிறோம். மூவர் சிங்கப்பூர்க் குடிமக்கள். ஒருவர் இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசி. அமெரிக்காவின் சியாட்டலில் ஏறுவது நல்லதா, கனடாவின் வான்கூவரில் ஏறுவது நல்லதா?
- வாசகி, ஈசூன்

பதில்: கட்டணத்தை ஒப்பிடுவதற்கு முன் கடப்பிதழ்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குடிமக்கள் மூவருக்கும் அமெரிக்காவுக்கு ‘எஸ்டா’ என்னும் இணையவழி முன்அனுமதி போதும். நான்காம் தோழிக்கு முறையான அமெரிக்க விசா வேண்டும். சிங்கப்பூர் நிரந்தரவாசம் இங்கே கைகொடுக்காது. சியாட்டலில் ஏறிச் சியாட்டலிலேயே இறங்கினால் கனடா விசா தேவையில்லை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஆனால், வெளிநாட்டில் பதிவாகி அந்நாட்டுக் கொடியுடன் ஓடும் கப்பல், அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் பயணிகளை ஏற்றி அங்கேயே திரும்ப இறக்குவதாக இருந்தால், இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தையேனும் தொட வேண்டும் என்பது 1886ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்தால் வந்த நிபந்தனை. அதனால்தான் அக்கப்பல்கள் பெரும்பாலும் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரமாவது நிற்கின்றன. ஆகவே எந்த வழியில் சென்றாலும் உங்கள் தோழிக்கு இரு நாட்டு விசாவும், பலமுறை நுழைய இடம்தரும் வகையில், கையில் இருப்பது பாதுகாப்பு. அவை கிடைத்த பிறகே திரும்பப் பெற முடியாத முன்பணத்தைக் கட்டுங்கள்.

சியாட்டலுக்கு இங்கிருந்து நேரடி விமானம் உண்டு என்பது பெரிய வசதிதான். எனினும் நான் வான்கூவரையே சொல்வேன். அங்கிருந்து புறப்படும் கப்பல்கள் வான்கூவர் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே, அலை அடங்கிய நீர்வழியில் வடக்கே செல்கின்றன; சியாட்டல் கப்பல்களோ வழக்கமாக அத்தீவின் மேற்கே திறந்த பசிபிக்கில் போகின்றன. மலாக்கா நீரிணையில் பினாங்குக்குப் போய்வந்த அனுபவத்தைக் கொண்டு அந்தக் கடலை எடைபோட வேண்டாம். வான்கூவருக்கு விமானத்தில் செல்லும் குடிமக்கள், எஸ்டாவுடன் கனடாவின் இணையவழி அனுமதியையும் பெற வேண்டும்.

கேள்வி: டிசம்பர் பள்ளி விடுமுறையில் போகலாமா? துருவ ஒளியும் தெரியுமா?
- வாசகர், தெம்பனிஸ்

பதில்: முடியாது. அலாஸ்காவின் கப்பல் பருவம் ஏறத்தாழ ஏப்ரல் இறுதியில் தொடங்கி அக்டோபரில் முடிந்துவிடும். ஜூன் விடுமுறை பொருந்தும். அப்போது அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவில் பகல் ஏறக்குறைய 18 மணி நேரம் நீடிப்பதால் துருவ ஒளியை மறந்துவிடுங்கள். குளிர்காலத்தில் அந்த ஒளியைத் தேடிச் செல்வதற்கு நார்வேயின் வடகரை இருக்கிறது; அது வேறொரு பயணம்.

கேள்வி: எங்கள் நண்பர் குழுவில் எல்லோருக்கும் ஒரே வருமானம் இல்லை. அறையையும் செலவையும் மனத்தாங்கல் வராமல் எப்படிப் பிரிப்பது?
- வாசகர், செங்காங்

பதில்: விளம்பரத்தில் காணும் கட்டணம், ஓர் அறையில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் தொகை. தனியாகத் தங்குபவர் கிட்டத்தட்ட இருமடங்கு தர வேண்டியிருக்கும். நால்வர் ஓர் அறையில் தங்கினால் மூன்றாவது, நான்காவது படுக்கைகள் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் ஒரே குளியலறையை நால்வர் ஏழு நாள் காலையும் பகிர்ந்துகொள்ளும்போது எத்தனை ஆண்டு நட்பும் கொஞ்சம் தேயும். இருவர் இருவராகத் தங்குங்கள். வசதியுள்ளவர்கள் பால்கனி அறையையும் மற்றவர்கள் சன்னல் இல்லாத உள்ளறையையும் எடுப்பதில் தவறில்லை; ஏனெனில் பனியாறுகளை நன்றாகப் பார்க்கும் இடம் எல்லோருக்கும் பொதுவான மேல்தளம்.

கப்பலில் அவரவர் கணக்கை அவரவர் அட்டையுடன் இணைத்துவிடுங்கள். தலைக்கு இவ்வளவு என்று நாள்தோறும் சேரும் சேவைக் கட்டணத்தையும் முதலிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். உண்மையில் கணக்கு எகிறுவது கரையில்தான்: ஜூனோவில் ஹெலிகாப்டரில் ஏறிப் பனியாற்றின்மேல் இறங்கும் உலாவுக்குப் பல நூறு வெள்ளி ஆகும், மூடுபனி வந்தால் அது ரத்தாகவும் கூடும். அதற்கு ஒருவர் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். ஹவாய்க் கடலில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுக் கோடையில் இரை தேடி வரும் கூன்முதுகுத் திமிங்கிலங்களைப் படகில் சென்று காண்பது அதைவிடச் செலவு குறைந்தது. எல்லோரும் சேர்ந்து செய்ய ஒன்றைத் தேர்ந்தெடுப்பதானால், ஸ்காக்வே என்னும் அலாஸ்காத் துறைமுக ஊரில், தங்க வேட்டைக் காலத்தில், 1898 முதல் 1900 வரை, மலையைக் குடைந்து போட்ட குறுகிய ரயில்பாதையில் போய்வாருங்கள்.

கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குப் போகும் கப்பலாகப் பார்த்துப் பதிவுசெய்யுங்கள். எல்லாக் கப்பலும் அங்கே போவதில்லை, நாளொன்றுக்குப் பெரிய பயணக் கப்பல்கள் இரண்டுக்கே அனுமதி. 1794இல் பெரும்பாலும் பனிக்கட்டியால் அடைபட்டிருந்த அந்த விரிகுடாவில் இன்று ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உள்ளே கப்பல் செல்கிறது. கப்பல் அங்கே செல்லும் நாளில் யாரும் கரையிறங்குவதில்லை என்பதால் யாருக்கும் கூடுதல் செலவும் இல்லை.

கேள்வி: சைவ உணவு கிடைக்குமா? எவ்வளவு குளிரும்?
- வாசகி, அங் மோ கியோ

பதில்: பதிவுசெய்யும்போதே இந்தியச் சைவ உணவு வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஏறிய முதல் மாலையே உணவுக்கூடத் தலைமைப் பணியாளரிடம் நினைவூட்டுங்கள். கோடையில் பகல் வெப்பநிலை 10 முதல் 18 டிகிரி வரை இருக்கும்; பனியாற்றின் அருகே காற்று இன்னும் கடிக்கும். தடித்த ஒரே கோட்டைவிட, மெல்லிய சில அடுக்குகளும் நீர்புகா மேற்சட்டையும் உதவும். கப்பல்கள் நிற்கும் அலாஸ்கா ஊரான கெட்சிகனில் ஆண்டு மழை 3,500 மில்லிமீட்டரைத் தாண்டும். ஊறுகாய்ப் புட்டியைப் பெட்டியில் வைக்கலாம். அரிசி வேகவைக்கும் மின்பானையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், சூடேற்றும் கருவிகளைக் கப்பலில் ஏறும்போதே வாங்கி வைத்துவிடுவார்கள்.