தூங்கிவிடக் கூடாதே என்று கொடுக்கும் காபி

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. செஸ் நன்றாக ஆடுவான். எனக்குத் தொழிற்சாலையில் பிற்பகல் ஷிஃப்ட். வீடு வந்து சேர இரவு ஒன்பதரை ஆகிவிடும். வந்ததும் இருவரும் பலகை முன் உட்கார்ந்தால் ஆளுக்கு மூன்று நிமிட ஆட்டங்களாகவே பதினொன்று வரை ஓடும். எனக்கு ஒரு மக் நிறைய, இரண்டு ஸ்பூன் இன்ஸ்டன்ட் காபி. தூங்கிவிடக் கூடாதே என்று அவனுக்கும் ஒரு ஸ்பூன் போட்டு அரை மக் கொடுப்பேன். டர்பனில் நடக்கும் போட்டிகளில் முதல் இரண்டு சுற்று ஜெயிக்கிறான். மதியத்துக்கு மேல் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தையும் கோட்டை விடுகிறான். அடுத்த மாதம் ஒரு பள்ளிப் போட்டி. சுற்றுகளுக்கு நடுவே எந்தக் காபி, எவ்வளவு கொடுக்கலாம்? பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் காபிக் கடைகளில் வளர்ந்தவர்கள்தானே?
— ஒரு தந்தை, சாட்ஸ்வொர்த், டர்பன் (தென்னாப்பிரிக்கா)

பதில்: தம்பி, எந்தக் காபி, எத்தனை ஸ்பூன் என்பதற்கு அப்புறம் வருகிறேன். ‘தூங்கிவிடக் கூடாதே’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இரவு ஒன்பதரைக்குத் தூக்கம் வந்தால் அவன் உடம்பு ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். அதைத் தடுத்து நிறுத்துகிறவர் நீங்கள். யாருக்காக? உழைத்துக் களைத்து வருகிற உங்களுக்கு எதிரே உட்கார ஓர் ஆள் வேண்டும், அதற்காக. இதை அவனுக்குச் செய்யும் பயிற்சி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பகலில் உங்கள் முகத்தையே பார்க்க முடியாத பிள்ளை, கிடைக்கிற ஒன்றரை மணி நேரத்தில் ‘எனக்கு வேண்டாம்ப்பா, படுக்கப் போகிறேன்’ என்று சொல்வானா? சொல்ல மாட்டான். அவனுக்காக அதைச் சொல்ல வேண்டியவர் அப்பா. அவன் அம்மா இதைப் பற்றி என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூட எழுதவில்லை, கேட்டுத்தான் பார்த்தீர்களா?

கணக்கைப் பாருங்கள். ஒரு டீஸ்பூன் இன்ஸ்டன்ட் காபித் தூளில் ஏறக்குறைய 60 மில்லிகிராம் காஃபீன். உங்களுக்கு 120, அவனுக்கு 60. உங்கள் எடை 80 கிலோ, அவன் எடை 40 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த அரை மக் அவன் உடம்புக்கு உங்கள் முழு மக்குக்குச் சமம். இங்கே பல வீடுகளில் இருக்கும் ரிகாஃபி மாதிரி சிக்கரி கலந்த தூள் என்றால் அளவு குறையும், ஆனால் குடிக்கும் நேரம் அதேதானே? பெரியவர்கள் உடம்பிலேயே காஃபீன் பாதியாகக் குறைய ஐந்து மணி நேரம் போலப் பிடிக்கும். ஒன்பதரைக்குக் குடித்ததில் பாதி, இரவு இரண்டரைக்கும் உள்ளே இருக்கும். பன்னிரண்டு வயதுவரை பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். பதினொன்றுக்குப் படுத்து, புரண்டு, பள்ளிக்கு விடியற்காலையில் எழுகிறவனுக்கு ஏழு மணி நேரம் கிடைத்தாலே அதிகம்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். தூக்கம் வருவது அதனால்தான். காஃபீன் அதை வெளியேற்றுவதில்லை. அடினோசின் போய் ஒட்ட வேண்டிய இடத்தைக் காஃபீன் அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். காபியின் வேகம் இறங்கியதும் சேர்ந்ததெல்லாம் ஒன்றாக வந்து அழுத்தும். உங்கள் மகன் மூன்றாவது சுற்றில் குதிரையைச் சும்மா தூக்கிக் கொடுப்பதற்குக் காரணம் அந்தச் சுற்றில் இல்லை. திங்கள் முதல் வெள்ளி வரை உங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது.

நடுவில் காபி கொடுத்தால் சரியாகுமா? ஜெர்மனியில் 39 ஆட்டக்காரர்களைக் கணினியோடு 15 நிமிட ஆட்டங்கள் ஆடவைத்துச் சோதித்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. காஃபீன் எடுத்தவர்கள் அதிக நேரம் யோசித்தார்கள். அதனால் கடிகாரத்தில் நேரம் தீர்ந்து தோற்பதும் கூடியது. மொத்த ஆட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஆட்டம் தெளிவாக மேம்பட்டதாகத் தெரியவில்லை. இது வளர்ந்தவர்களின் கதை. பிள்ளைக்குக் கை நடுக்கமும், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது கழிப்பறைக்கு ஓடுவதும்தான் மிஞ்சும்.

காபிக் கடைகளைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மைதான். பாரிஸின் கஃபே த லா ரெஜான்ஸ் என்ற காபிக் கடையில் பதினெட்டாம் நூற்றாண்டின் பெரிய ஆட்டக்காரர் ஃபிலிடோர் ஆடினார். ஜெர்மன் ஆட்டக்காரர் ஆண்டர்சன் 1851-இல் கீசரிட்ஸ்கியை வீழ்த்திய புகழ்பெற்ற ஆட்டம் லண்டனில் சிம்ப்சன்ஸ் என்ற கடையில் நடந்தது. அங்கே உட்கார்ந்தவர்கள் வளர்ந்த மனிதர்கள், தம்பி. மறுநாள் காலை பள்ளி மணி அவர்களுக்கு அடிக்கவில்லை. இன்னொன்று: மூன்று நிமிட ஆட்டத்தில் பொறி வைத்து, எதிராளி ஏமாறுவான் என்று நம்பி ஆடும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். ஒரு மணி நேரம் வைத்து யோசிப்பவன் ஏமாற மாட்டான். மதியத் தோல்விக்கு அதுவும் ஒரு காரணம்.

காபியை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். தினம் குடித்தவனுக்கு 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும், ஒரு வாரம்கூட நீடிக்கலாம். நாளையிலிருந்து இரவுக் காபி கிடையாது. காலைச் சாப்பாட்டோடு நான்கு நாள் அரை ஸ்பூன், அடுத்த நான்கு நாள் கால் ஸ்பூன், அப்புறம் ஒன்றுமில்லை. சூடாக ஏதாவது வேண்டுமென்றால் பால் விட்ட ரூய்போஸ், நம் ஊர்ச் செடியின் இலையில் போடும் தேநீர். அதில் காஃபீன் கிடையாது. கறுப்புத் தேநீரில் உண்டு. கோலா கேன் ஒன்றிலும் ஏறக்குறைய 30 மில்லிகிராம் உண்டு, அதையும் மறந்துவிடாதீர்கள்.

பலகையை எடுத்து வைக்கச் சொல்லவில்லை. கூடத்தில் ஒரு மூலையில் அப்படியே இருக்கட்டும். இரவு வந்ததும் நீங்கள் ஒரு காய் நகர்த்துங்கள். காலையில் பள்ளிக்குப் போகும் முன் அவன் ஒன்று. பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து ஒவ்வொரு நகர்த்தலையும் எழுதுங்கள். யாராவது தட்டிவிட்டாலும் மறுபடி அடுக்கலாம். வாரம் ஐந்து நாள் என்றால் 40 நகர்த்தல் ஆட்டம் எட்டு வாரம் போகும். அவன் நாள் முழுக்க உங்கள் நகர்த்தலையே நினைத்துக்கொண்டிருப்பான். சனிக்கிழமை காலையில் ஆளுக்கு ஒரு மணி நேரம் வைத்து, நகர்த்தல்களைக் குறிக்கும் ஸ்கோர் ஷீட் எழுதி, ஒரே ஓர் ஆட்டம் நேருக்கு நேர் ஆடுங்கள். அப்போது உங்கள் மக் உங்கள் கையில் இருக்கலாம். ஒரு நாளில் மொத்தம் 400 மில்லிகிராம் தாண்ட வேண்டாம்.

போட்டி நாளன்று தண்ணீரும் வாழைப்பழமும் கொண்டுபோங்கள். மதியம் வயிறு முட்ட பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பியது) வாங்கிக் கொடுக்காதீர்கள்; பாதி சாப்பாடு போதும், பிறகு வெளியே காற்றாட நடக்கட்டும். தோற்றுவிட்டு வந்தால் ஸ்கோர் ஷீட்டை அங்கேயே பிரிக்க வேண்டாம், ஞாயிறு காலையில் இருவரும் சேர்ந்து பாருங்கள்.