சிரிப்பு பொம்மை மட்டும்தான் வருகிறது, எழுதுவதை நிறுத்திவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. கும்பகோணத்தில் இருக்கிறேன். பள்ளித் தோழிகளாகச் சேர்ந்து நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் திங்கட்கிழமைதோறும் இரண்டு சொற்கள் தருவார்கள். இரண்டும் வருகிற மாதிரி நூறு சொல்லுக்குள் ஏதாவது எழுதி ஞாயிறு இரவுக்குள் போட வேண்டும். மற்றவர்கள் அம்மா, மழை, முதியோர் இல்லம் என்று மனம் கசியும்படி எழுதுகிறார்கள். எனக்கு வருவதெல்லாம் வேடிக்கைதான். 'பல்லி, ரேஷன் கார்டு' என்று கொடுத்தால், என் பல்லி ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கக் கிளம்பிவிடும். அவர்களுக்குப் பத்தி பத்தியாகப் பாராட்டு. எனக்குச் சிரிப்பு பொம்மை. போன மாதம் ஒரு தோழி, "இது விளையாட்டு, எழுத்து இல்லை" என்று போட்டுவிட்டாள். அன்றிலிருந்து எழுதுகிறேன், போடுவதில்லை. வீட்டுக்காரரும் "இதனால் என்ன பிரயோஜனம்?" என்கிறார். நானும் உருக்கமாக எழுதப் பழகட்டுமா? குழுவிலிருந்து விலகிவிடட்டுமா? இவற்றைப் பத்திரிகைக்கு அனுப்பலாமா? ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விலக வேண்டாம். உருக்கத்தை வரவழைத்துக்கொள்ளவும் வேண்டாம். இந்த ஞாயிறே பழையபடி போடத் தொடங்குங்கள். ஏன் என்பதையும், போடுவதற்கு முன் என்ன செய்யலாம் என்பதையும் சொல்கிறேன்.

முதலில் உங்கள் தோழி சொன்னதை எடுத்துக்கொள்வோம். அது விளையாட்டுதான். அதனாலேயே அது எழுத்தில்லை என்று ஆகிவிடாது. ஒருவர் சொல் கொடுக்க இன்னொருவர் அதை வைத்துக் கட்டுவது நம் மொழியில் பல நூறு ஆண்டுகளாக நடந்து வருகிற காரியம். பதினைந்தாம் நூற்றாண்டுக் காளமேகப் புலவரிடம் 'செருப்பு' என்று தொடங்கி 'விளக்குமாறு' என்று முடிக்கச் சொன்னார்களாம். இரண்டும் அவையில் சொல்லக் கூசும் பொருள்கள். அவரைத் திணறடிக்கத்தான் கொடுத்திருப்பார்கள். 'செருப்புக்கு வீரரை' என்று அவர் எடுத்தார். 'செரு' என்றால் போர். போருக்குள் புகுந்து பகைவீரர்களை உழக்கும் முருகன் வந்துவிட்டான். அவனைத் தழுவ ஏங்கும் பெண், தாமரை மேல் இருக்கும் வண்டைப் பார்த்து, அவனை அடையும் வழியை எனக்கு விளக்கு என்று கேட்கிறாள். 'வண்டே விளக்குமாறே' என்று வெண்பா முடிகிறது. நாலு வரிக்குள் ஒரு பெண்ணின் காதல் வந்துவிட்டது. துடைப்பம் காணாமல் போய்விட்டது.

பல செய்திகளில் ஒரே நேரத்தில் கவனம் வைக்கும் அவதானக் கலையில் ஈற்றடி, அதாவது கடைசி அடி, கொடுத்து வெண்பா கேட்பது ஓர் அங்கமாகவே இருந்தது. நாகர்கோவில் பக்கத்து இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னையில் ஒரே நேரத்தில் நூறு செய்திகளில் கவனம் வைக்கும் சதாவதானம் செய்து காட்டியவர். இஸ்லாமியரான அவரிடம் 'துருக்கனுக்கு ராமன் துணை' என்று ஈற்றடி கொடுத்தார்கள் என்பார்கள். அவர் முந்தைய அடியைப் பரதன், லட்சுமணன் என்று சொல்லி 'சத்' என்ற அசையில் நிறுத்தினார். சத்துருக்கனுக்கு ராமன் துணை என்றாகிவிட்டது. மடக்க நினைத்துக் கொடுத்த அடியை வைத்தே அவையை மகிழ வைத்திருக்கிறார். அதைக் கேட்டவர்களும் சிரித்துத்தான் இருப்பார்கள். அந்தச் சிரிப்பை யாராவது குறைவாகச் சொன்னார்களா?

விளையாட்டுக்குள் கனமான விஷயம் நுழையாது என்று நினைப்பதும் சரியில்லை. பிரான்சில் ஜார்ஜ் பெரெக் என்ற எழுத்தாளர் 1969இல் ஒரு முழு நாவலை 'e' என்ற எழுத்து ஓரிடத்திலும் வராமல் எழுதினார். பிரெஞ்சில் மிக அதிகமாகப் புழங்கும் எழுத்து அது. அந்த எழுத்து இல்லாமல் சாதாரணமாக ஒரு கடிதம்கூட எழுத முடியாது. கேட்பதற்கு வெறும் வித்தை போலத்தான் இருக்கிறது. ஆனால் பெரெக்கின் அப்பா 1940இல் போரில் இறந்தவர். யூதரான அம்மாவை 1943இல் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பவில்லை. காணாமல் போன ஓர் எழுத்தைச் சுற்றி எழுதிய அந்த நாவலில், காணாமல் போன பெற்றோரைப் படித்தவர்கள் பலர். அவர் அழுது எழுதவில்லை. ஒரு விதியைப் போட்டுக்கொண்டு விளையாடினார், துக்கம் தானாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. உங்களுக்கும் ஒரு வாரம் அப்படி நேரலாம். இரண்டு சொற்கள் உங்களை நிஜமாகவே கலங்க வைத்தால் அதை எழுதுங்கள், வேடிக்கைக்காரி என்ற பெயரைக் காப்பாற்ற அதைத் தள்ளிவிடாதீர்கள். மற்றவர்களுக்குப் பாராட்டு வருகிறதே என்பதற்காக முதியோர் இல்லத்துக்குப் போகாதீர்கள், அவ்வளவுதான்.

இப்போது நீங்கள் அனுப்பியதற்கு வருகிறேன். 'குடை, கடன்' என்ற சொற்களுக்கு எழுதியது. வாசகர்களும் படிக்கட்டும்:

"போன ஐப்பசியில் கடன் வாங்கிப்போன குடையை எதிர்வீட்டுக்காரர் இன்று திருப்பிக் கொடுத்தார். 'கம்பி ரெண்டு வளைஞ்சிருந்துச்சு, மாத்திட்டேன். கைப்பிடி உடைஞ்சிருச்சு, புதுசு போட்டேன். துணியும் கிழிஞ்சுபோச்சு, அதையும் மாத்தியாச்சு. உங்க குடை, பத்திரமா கொண்டாந்துட்டேன்' என்றார். வாங்கி ஆணியில் மாட்டினேன். சாயங்காலம் இவர் ஆபீஸிலிருந்து வந்ததும் பார்த்துவிட்டு, 'அட, நம்ம மேனேஜர் குடை இன்னும் புதுசு மாதிரியே இருக்கே' என்றார். கடன் அன்பை முறிக்கும் என்பார்கள். இங்கே கடன் அன்பை வளர்த்துவிட்டது!"

இரண்டு தடவை படித்தேன், இரண்டு தடவையும் சிரித்தேன். மூன்றையும் மாற்றிய பிறகு 'உங்க குடை' என்கிறார் பாருங்கள், அந்த மனிதரை இதற்கு மேல் வர்ணிக்கவே வேண்டாம். மேனேஜர் வருகிற இடம் இன்னும் நன்றாக இருக்கிறது. நாங்களும் திருப்பிக் கொடுக்கவில்லை என்று நீங்கள் எங்கேயும் சொல்லவில்லை. படிக்கிறவர் தானே கண்டுபிடிக்கிறார். அந்தக் கண்டுபிடிப்பில்தான் சிரிப்பு வருகிறது. கடைசி இரண்டு வாக்கியங்களை மட்டும் எடுத்துவிடுங்கள். 'கடன்' முதல் வரியிலேயே வந்துவிட்டது, விதிக்குப் பங்கமில்லை. பழமொழியைக் கொண்டுவந்து நீங்களே விளக்கம் சொன்னவுடன், படிக்கிறவர் கையில் இருந்ததை வாங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. மற்றவர்கள் எழுதுவது போல் இதிலும் ஒரு கருத்து இருக்கட்டும் என்று தயங்கிச் சேர்த்த வரிகளோ என்று எனக்குத் தோன்றுகிறது. மேனேஜர் குடையோடு நிறுத்துங்கள். ஆச்சரியக்குறியும் போய்விடும்.

வாராவாரம் சொல் கிடைத்ததும் எங்கே தொடங்குவது என்று மலைத்தால் ஒரு வழி இருக்கிறது. இத்தாலியில் குழந்தைகளுக்காக எழுதிய ஜானி ரோதாரி, 1970இல் குழந்தை இலக்கியத்துக்கான ஆண்டர்சன் விருது பெற்றவர், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கதை பிறக்கும் என்று ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். கரும்பலகையின் முன்பக்கம் ஒரு குழந்தை ஒரு சொல் எழுதும், பின்பக்கம் இன்னொரு குழந்தை வேறு சொல் எழுதும். அவர் தந்த உதாரணம் நாயும் துணி அலமாரியும். நாயோடு அலமாரி, அலமாரி மேல் நாய், நாயின் அலமாரி, அலமாரிக்குள் நாய் என்று சேர்த்துப் பார்க்கச் சொல்வார். ஒவ்வொன்றும் வேறு கதை.

நமக்கு இது இன்னும் சுலபம். பள்ளியில் மனப்பாடம் செய்த வேற்றுமை உருபுகளே போதும். உங்கள் பல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லிக்கு ரேஷன் கார்டு: இது நீங்கள் எழுதியது. ரேஷன் கார்டில் பல்லி: பெயர் அச்சாகிற இடத்தில் தவறிப்போய் குடும்பத் தலைவர் பெயர் அப்படி வந்துவிட்டது, திருத்த அலைகிறார். பல்லியால் ரேஷன் கார்டு: தாலுகா ஆபீஸில் அதிகாரி "அடுத்த வாரம் கட்டாயம் வந்துடும்மா" என்கிறார், சுவரில் பல்லி சொல்கிறது, வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் மேசையைச் சொடுக்கித் தட்டுகிறார்கள். பல்லியே சத்தியம் பண்ணிவிட்டது, இனி அதிகாரி என்ன செய்வார்? இந்த மூன்றாவதை நம் ஊரில் வளர்ந்தவர் மட்டும்தான் எழுத முடியும். திங்கட்கிழமை சொல் வந்ததும் உருபுகளை மாற்றி மாற்றி ஒட்டிப் பாருங்கள். முதலில் தோன்றுவது அநேகமாக எல்லோருக்கும் தோன்றுவதாக இருக்கும். மூன்றாவதோ நான்காவதோதான் உங்களுடையது.

எழுதியதைச் சனிக்கிழமை வரை வைத்திருந்து, வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். நாக்கு தடுக்குகிற இடத்தில் சொல் கூடுதலாக இருக்கும். வேடிக்கையில் ஒரு சொல் கூடினாலும் சிரிப்பு தாமதமாகிவிடும்.

சிரிப்பு பொம்மை பற்றி வருத்தப்படுகிறீர்கள். கலங்கியவருக்குச் சொல்ல நிறைய இருக்கும்: தன் அம்மா நினைவு, தன் வீடு, தன் கதை. அதை எழுதினால் ஒரு பத்தி ஆகிவிடும். சிரித்தவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை, சிரித்து முடித்துவிட்டார். பஸ்ஸில் உட்கார்ந்து உங்கள் குடையைப் படித்துத் தனியாகச் சிரித்துவிட்டு ஒரு பொம்மையைத் தட்டியவர், இரவு சாப்பிடும்போது வீட்டில் அதைச் சொல்லியிருப்பார். அது உங்கள் காதுக்கு வராது. பாராட்டின் நீளத்தை வைத்து எழுத்தை அளக்காதீர்கள்.

உங்களுக்கு வேண்டிய மாதிரி பதில் குழுவில் வர வேண்டும் என்றால், நீங்கள் முதலில் அப்படி எழுதத் தொடங்குங்கள். 'அருமை', 'சூப்பர்' போதாது. தோழி முதியோர் இல்லத்தைப் பற்றி எழுதினால், அதில் எந்த வரி உங்களைப் பிடித்து நிறுத்தியது என்று சொல்லுங்கள். உங்களை விளையாட்டு என்று சொன்ன தோழிக்கும் அப்படியே எழுதுங்கள், அவர் எழுதியதில் நிஜமாகவே பிடித்த ஒரு வரியைச் சுட்டி. அவர் சொன்னதற்குப் பதில் வாதம் வேண்டாம். பள்ளிக்கூடத் தோழமை நாற்பது வருஷத்துக்கு மேல் நிற்பது சின்ன விஷயம் இல்லை, ஒரு வரிக்காக அதை உரச வேண்டாம். இப்படி வரி சொல்லிப் பாராட்டும் பழக்கம் ஒருவரிடம் தொடங்கினால் குழுவில் மெல்லப் பரவும்.

வீட்டுக்காரர் கேட்ட 'பிரயோஜனம்' பற்றி. ஞாபகசக்திக்கு நல்லது, மனசுக்கு நல்லது என்றெல்லாம் அவரிடம் காரணம் அடுக்க வேண்டாம். உங்களுக்குப் பிடித்திருக்கிறது, வாரம் முழுக்க மனதில் இரண்டு சொல் ஓடிக்கொண்டிருக்கிறது, அது போதும். வாய்விட்டுப் படிக்கச் சொன்னேனே, அதை அவர் முன்னால் படியுங்கள். ஆனால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். குடைக் கதையில் 'இவர்' வருகிறார். உங்கள் தோழிகள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். நிஜமாகவே ஒரு மேனேஜர் குடை உங்கள் வீட்டில் தொங்கினால், போடுவதற்கு முன் அவரிடம் கேட்டுவிடுங்கள். மாமியார், நாத்தனார், மருமகள் வருகிற வேடிக்கைக்கும் இதே விதி. அவர்கள் இல்லாத இடத்தில் படித்துச் சிரிக்கலாம், அவர்கள் இருக்கும்போது படிக்க முடியாது என்றால் அதைப் போடாதீர்கள். பல்லியை எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம்.

பத்திரிகைக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக அனுப்பலாம். ஆனால் பெரும்பாலான பத்திரிகைகள் வேறெங்கும் வெளியாகாத படைப்பைத்தான் கேட்கும். குழுவில் போட்டதை ஏற்றுக்கொள்வார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும். வாட்ஸ்அப்பில் ஒன்று நன்றாக இருந்தால் அது கை மாறிப் போய், நாலாவது குழுவுக்குப் போகும்போது உங்கள் பெயர் உதிர்ந்திருக்கும். பிறகு அது யாருடையது என்று நிரூபிப்பது கஷ்டம். அதனால், எழுதியதில் மிகச் சிறந்தது என்று உங்களுக்கே தோன்றுவதைக் குழுவில் போடாமல் தனியே எடுத்து வையுங்கள், அது பத்திரிகைக்கு. மற்றவை குழுவுக்கு. குழுவில் போடும்போது பெயரைக் கடைசி வரியோடு சேர்த்தே எழுதுங்கள். ஒரு நோட்டில் தேதி, கொடுத்த சொற்கள், எழுதியது மூன்றையும் பதிந்து வையுங்கள். பத்திரிகைக்கு அனுப்பும்போது 'கொடுத்த சொற்கள் இவை' என்று குறிப்பு போட வேண்டாம். சொல் எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே கதை நிற்க வேண்டும். உங்கள் குடை நிற்கும். கடைசி இரண்டு வாக்கியங்களை எடுத்துவிட்டு, குழுவில் இன்னும் போடவில்லை என்றால், எங்களுக்கே முறைப்படி அனுப்புங்கள். ஆசிரியர் குழு படித்து முடிவு சொல்லும்.