பழைய மருந்து ஆய்வுத் தரவை எஸ்டிடிஎம்முக்கு மாற்றுவது வெறும் ஃபைல் மாற்றும் வேலைதானா?

கேட்டவர் ஊட்டியில் பி.ஃபார்ம் முடித்தவர். கிளினிக்கல் சாஸ் புரோகிராமர் வேலைக்கு, அதாவது மருந்து ஆய்வுத் தரவைச் சாஸ் என்ற மென்பொருளில் கையாளும் வேலைக்கு, முயற்சி செய்கிறார். "ஒரு ஃபைலை இன்னொரு ஃபைலாக மாற்றுவதுதானே, இதற்கு ஏன் ஒரு டீமும் இத்தனை மாதமும்? மலையிலேயே இருந்துகொண்டு செய்ய முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். நான் கோத்தகிரியில் வீட்டிலிருந்தபடி இந்த வேலைதான் பார்க்கிறேன்.

ஃபைல் மாற்றுவது என்று உங்களிடம் சொன்னவர் கடைசிக் கட்டத்தை மட்டும் பார்த்திருப்பார். புரோகிராம் எழுதுவது இதில் சின்னப் பங்கு. பழைய ஃபைலின் ஒவ்வொரு பெட்டியிலும் இருப்பது உண்மையில் என்ன என்று முடிவு செய்வதில்தான் நாள் போகிறது.

பின்னணி சுருக்கமாக: சிடிஸ்க் என்ற அமைப்பு 1997-ல் தொடங்கியது. ஆய்வுத் தரவை எல்லோரும் ஒரே மாதிரி அடுக்கி வைக்க அது வகுத்த வடிவம்தான் எஸ்டிடிஎம். 2016 டிசம்பர் 17-க்குப் பிறகு தொடங்கிய ஆய்வு என்றால், மருந்துக்கு அனுமதி கேட்கும்போது தரவைத் தான் ஏற்றுக்கொண்ட தரங்களில்தான் (எஸ்டிடிஎம் அதில் ஒன்று) தர வேண்டும் என்கிறது மருந்துக்கு அனுமதி தரும் அமெரிக்க எஃப்டிஏ. ஜப்பானில் 2020 ஏப்ரலில் இருந்து கட்டாயம். அதற்கு முன்னால் ஒரு கம்பெனி பாலினத்தை 1, 2 என்று வைக்கும், இன்னொன்று 0, 1 என்று வைக்கும். அந்தப் பழைய ஆய்வுகளையும் புதியவற்றோடு சேர்த்துப் பக்கவிளைவுகளை அலச வேண்டும் என்றால் எல்லாம் ஒரே வடிவத்துக்கு வந்தாக வேண்டும். உங்களுக்கு வரப்போகும் வேலையில் பெரும்பகுதி இதுதான்.

எளிதான பகுதி இப்படி இருக்கும். பழைய ஃபைலில் ஒரு விசிட்டுக்கு ஒரு வரி; பிரஷர், நாடித்துடிப்பு, காய்ச்சல் எல்லாம் பக்கத்துப் பக்கத்து நெடுவரிசையில். எஸ்டிடிஎம்மில் ஒவ்வோர் அளவும் தனி வரியாக இறங்க வேண்டும். அதற்கு நெடுவரிசையை வரியாகத் திருப்பும் டிரான்ஸ்போஸ் போதும், அரை நாள் வேலை. ஆனால் காய்ச்சல் நெடுவரிசையில் பல இடத்தில் 98.4, சில இடத்தில் 36.8, அலகுக்கென்று நெடுவரிசையே இல்லை என்றால்? பார்த்தாலே தெரிகிறதே என்று நீங்களாகப் பாரன்ஹீட், செல்சியஸ் என்று நிரப்பிவிட்டுப் போக முடியாது. டேட்டா மேனேஜ்மென்ட் டீமைக் கேட்க வேண்டும், ஆய்வின்போது தரவை எழுதிய மூலப் படிவத்தைத் தேட வேண்டும். எந்த அடிப்படையில் முடிவெடுத்தோம் என்று தரவைச் சரிபார்ப்பவருக்காகக் கூடவே அனுப்பும் ரிவியூவர்ஸ் கைடில் எழுதி வைக்கவும் வேண்டும். எழுதிய எண் எழுதியபடியே ஒரு நெடுவரிசையில் நிற்கும். ஒரே அலகுக்கு மாற்றியது பக்கத்தில் வரும்.

தேதிதான் எல்லாவற்றையும் விட வம்பு. ஒரு நோயாளிக்கு முதல் டோஸ் 2012 ஏப்ரல் 14. வாந்தி எப்போது தொடங்கியது என்ற இடத்தில் "ஏப்ரல் 2012" என்று மட்டும் இருக்கிறது. காலியாக விட மனம் வராமல் ஏப்ரல் 1 என்று போட்டால், வாந்தி மருந்துக்கு முன்பே வந்ததாகிவிடும். மருந்தின் மேல் விழ வேண்டிய சந்தேகம் சத்தமில்லாமல் மறைந்துவிடும். அதனால் எஸ்டிடிஎம்மில் 2012-04 என்று நின்றுவிட வேண்டும். விடுபட்ட நாளை நிரப்புவது அடுத்த கட்டமான ஏடாமில் (அலசுவதற்கென்று தயாரிக்கும் வடிவம்), முன்கூட்டியே எழுதிய விதிப்படி, இது நிரப்பியது என்ற அடையாளத்தோடு. அப்புறம், இங்கே பூஜ்யம் நாள் கிடையாது. முதல் டோஸ் நாள் 1, அதற்கு முந்தைய நாள் -1. புதிதாக வருபவர்கள் நேரடியாகக் கழித்துவிட்டு ஏன் ஒரு நாள் இடிக்கிறது என்று முழிப்பார்கள்.

லேப் ரிப்போர்ட்டில் நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும் விஷயம் ஒன்று உண்டு. உயரத்தில் வாழ்பவர்களுக்கு ஹீமோகுளோபின் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்; ரத்தசோகை அளவுகோலையே உயரத்துக்கு ஏற்ப திருத்திப் பார்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. அதனால் அந்தந்த லேப் கொடுத்த இயல்பு வரம்பை அப்படியே கொண்டுவர வேண்டும். வசதிக்காக எல்லோருக்கும் ஒரே வரம்பைப் போட்டால் 'அதிகம்', 'குறைவு' என்ற குறிகள் தப்பாக விழும்.

சில கட்டுப்பாடுகளைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். இன்றும் சாஸ் எக்ஸ்போர்ட் பதிப்பு 5 என்ற ஃபைல் வடிவில்தான் அனுப்புகிறோம். நெடுவரிசையின் பெயர் 8 எழுத்து, லேபிள் 40, உள்ளே இருக்கும் வாசகம் 200, அதற்கு மேல் கூடாது. டாக்டர் நீளமாகக் குறிப்பு எழுதியிருந்தால் சொல் உடையாமல் வெட்டி, மிச்சத்தைத் துணை டேட்டாசெட்டில் வைக்க வேண்டும்.

கடைசியில் பின்னக்கிள் 21 என்ற சரிபார்க்கும் மென்பொருளைப் போட்டுப் பார்ப்பார்கள். பிழை எதுவும் வரவில்லை என்றால் வடிவம் சரி, அவ்வளவுதான். ஏப்ரல் 1 என்று நீங்கள் நிரப்பியதை அது கண்டுபிடிக்காது.

சரி, மலையில் இருந்து செய்ய முடியுமா? முடியும், ஆனால் முதல் வேலையே அப்படி வேண்டாம் என்பேன். ஒன்றிரண்டு வருடம் பெங்களூரிலோ சென்னையிலோ, படிவத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள். இந்தக் கேள்விகளை எப்படிக் கேட்பது என்பது அங்கேதான் பிடிபடும். பிறகு மேலே வரலாம். தரவு எல்லாம் கம்பெனி சர்வரிலேயே இருக்கும், டவுன்லோடு செய்ய விடமாட்டார்கள். அதனால் நெட் போனால் வேலையும் நிற்கும். ஐப்பசி மழையில் மரம் விழுந்து கரண்ட் போவது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்வெர்ட்டரும் இரண்டு கம்பெனி கனெக்‌ஷனும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். சிடிஸ்க் பைலட் (சோதனை) திட்டத்தின் தரவு இலவசமாகக் கிடைக்கிறது, எந்தக் கேள்வி எஸ்டிடிஎம்மில் எங்கே போகிறது என்று குறிப்பு எழுதிய படிவமும் அதில் உண்டு. சாஸைத் திறப்பதற்கு முன்னால் அந்தப் படிவத்தைப் பிரின்ட் எடுத்து, ஒவ்வொரு கேள்வியும் எந்த டொமைனுக்கு (எஸ்டிடிஎம்மில் ஒரு வகைத் தரவுக்கான பிரிவு) போயிருக்கிறது, ஏன் அங்கே போனது என்று ஓரத்தில் எழுதிப் பாருங்கள். ஃபார்மசி படித்த உங்களுக்கு அந்த 'ஏன்' சீக்கிரம் வரும்; இன்டர்வியூவில் பெரும்பாலும் அதைத்தான் கேட்பார்கள்.