அடித்ததும் சோப்பு வாசம்!

கேள்வி: மகன் துபாயிலிருந்து பழைய பாணி சென்ட் ஒன்று வாங்கி வந்தான். அடித்ததும் சோப்பு வாசம் வருகிறது. மதியத்துக்கு மேல் சந்தனமும் வெனிலாவும். ஏமாந்துவிட்டானோ?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அதை வைத்து மகனைத் திட்டாதீர்கள் அக்கா. 1921-ல் வந்த ஷனெல் நம்பர் 5 என்ற பிரெஞ்சு சென்ட்டைப் போல, ஆல்டிஹைடு என்கிற வாசனை ரசாயனம் தூக்கலாகச் சேர்த்த சென்ட்டுகளின் குணமே அதுதான். லேசான சரக்கு முதலில் ஆவியாகும். அதுதான் உங்கள் சோப்பு. அப்புறம் மல்லிகை, ரோஜா. கனமான சந்தனமும் வெனிலாவும் தோலோடு ஒட்டிக்கொண்டு கடைசிவரை நிற்கும். நம்மூர் வெயிலுக்கு அந்த முதல் வாசம் சீக்கிரமே ஓடிவிடும். எனக்கென்னவோ அந்தச் சோப்பு நேரம்தான் பிடிக்கும்!

மேலப்பாளையத்துப் பெரியவர்கள் பூசும் அத்தரில் இந்த ஆரம்ப ஆர்ப்பாட்டம் இருக்காது. சந்தன எண்ணெயில் இறக்கிய சரக்கு, ஸ்பிரிட் கிடையாது.

குளித்ததும் வாசமில்லாத க்ரீம் தடவி, முழங்கை மடிப்பில் அடியுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அதற்கே தனி வாசம். பட்டுப்புடவைமேல் நேராக அடித்தால் கறை விழும். ஆனித் தேருக்குப் போகிறீர்களா? கிளம்ப ஒரு மணி நேரம் முன்னாடியே அடித்துக்கொள்ளுங்கள்; ரதவீதிக்குப் போய்ச் சேரும்போது சோப்பு போயிருக்கும்.